களத்து மேட்டுல ஒரு லாம்டா கணக்கு

மன்னார்குடி பக்கம் எங்க ஊர்ல சம்பா அறுப்பு, பெரியப்பா களத்துல நெல்லை அள்ளி பதரை ஊதிக்கிட்டே "அந்த ஜெனிவா மெஷின்ல என்னதாண்டா எண்ணுறீங்க"ன்னு கேட்டாரு. எல்.எச்.சி.ங்கிற அந்த துகள் மோதல் மெஷினைப் பத்தி சொன்னேன்: 27 கிலோமீட்டர் வளையம், எதிரெதிரா கிட்டத்தட்ட ஒளி வேகத்துல புரோட்டான் வந்து மோதுது, அந்த எனர்ஜியே புதுத் துகளா மாறி சிதறுது, பெரும்பாலும் பயான், கொஞ்சம் கேயான், அதைவிட கம்மியா லாம்டா.

எனக்கு உசுரு லாம்டாதான். அதுக்கு சார்ஜ் கிடையாது, டிடெக்டர்ல தடமே விழாது. சில சென்டிமீட்டர் ஓடி பெரும்பாலும் புரோட்டானாவும் பயானாவும் உடையும், ஒண்ணுமே இல்லாத இடத்துலேர்ந்து கவட்டை மாதிரி ரெண்டு கோடு பிரியும், மொத தடவை ஸ்க்ரீன்ல பாத்தப்ப மேலு சிலிர்த்துடுச்சு. சம்பந்தமில்லாத ரெண்டு கோடும் தற்செயலா அப்படி சேரும், அதான் பதர், கழிக்கணும். கண்ணுல படாம தப்புன லாம்டாவுக்கும் திருத்தம் போடணும், சிமுலேஷன்ல லாம்டாவ விட்டு எத்தனை பிடிபடுதுன்னு பாத்து, என்னைக் கேட்டா பாதி வேலையே இதுதான். ஒரு மோதல்ல துகள் கூடக் கூட பயானோட ஒப்பிட்டா லாம்டா மாதிரி ஸ்ட்ரேஞ்ச் துகள் (ஸ்ட்ரேஞ்ச்ங்கிற குவார்க், அதாவது இன்னும் சின்னத் துகள், உள்ள இருக்குறது) இன்னும் கூடுதுன்னு அந்த வளையத்துல ஒரு டிடெக்டரை நடத்துற ஆலிஸ் குழு 2017ல காட்டுச்சு, ஏன்னு இன்னும் வாதம் ஓடுது.

"அப்ப ஒரு துண்டு வயலை அறுத்து மொத்த மகசூலைக் கணிக்கிற மாதிரிதானே"ன்னாரு பெரியப்பா. ஆமா பெரியப்பா, அதேதான்.