பரங்கிமலையில் காத்திருக்கும் மாதா

டிசம்பர் மாதத்தில் ஒரு பங்குக்கு, அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த கிறிஸ்தவச் சமூகத்துக்கு, புதிதாகப் போய்ச் சேரக் கூடாது. குடில் யார் கட்டுவது, பாடகர் குழுவில் யார் எந்தக் குரல், வீடு வீடாகப் பாடிப் போகும் கேரல் ரவுண்ட்ஸ் எந்தத் தெருவுக்கு எந்த நாள் என்று எல்லாம் முடிவாகியிருக்கும். புதிதாக வருகிறவனுக்கு வேலை எதுவும் மிச்சமிருக்காது. "பிரதர், நீங்க சும்மா உக்காருங்க" என்று மரியாதையாக ஒரு நாற்காலி போடுவார்கள். அதில் உட்காரும்போதுதான் ஊர் நினைப்பு வரும்.

நான் தூத்துக்குடி மாவட்டக் கடற்கரை ஊரான மணப்பாட்டுக்காரன். மறைபரப்புச் சபை ஒன்றில் சேர்ந்து, மெய்யியல் முடித்து, இறையியல் தொடங்கும் முன் களப்பணிக்கு அனுப்பப்பட்டவன். நாங்கள் இதை ரீஜென்சி என்போம். வடசென்னைப் பங்கு ஒன்றில் இருந்த பிரதருக்கு உடம்பு முடியாமல் போகவே, எங்கோ கிராமத்தில் இருந்த என்னைக் கிறிஸ்மஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் நடுவில் இங்கே மாற்றினார்கள். எங்கள் ஊரில் மணல்மேட்டுக் கோயிலில் நின்றால் கண்ணுக்கு எட்டிய மட்டும் கடல்தான். குடிலுக்குப் பனையோலை வீட்டிலேயே கிடைக்கும். இங்கே சந்தில் எதிரெதிர் வீட்டு மாடிகளுக்குக் குறுக்கே கயிறு கட்டி ஸ்டார் தொங்கவிட்டிருந்தார்கள். வானத்தைப் பார்க்க அந்த ஸ்டாரை விலக்க வேண்டும். விடிகாலையில் ஒரு பக்கம் மார்கழித் திருப்பாவை, இன்னொரு பக்கம் எங்கள் கோயில் ஒலிபெருக்கி. பழகாத காதுக்குத் தூக்கம் போனதுதான் மிச்சம்.

கோயில் வாசலுக்கு எதிரே ஓர் ஆயா இட்லிக் கடை வைத்திருக்கிறார். கிறிஸ்தவர் இல்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை தோறும் பாரிமுனை அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றாமல் இருக்க மாட்டார். என் முகத்தைப் பார்த்தே, "இன்னா பிரதர், ஊர் நெனப்பா?" என்றார். பரங்கிமலைக்குப் போகலாம் என்றிருக்கிறேன் என்று சொன்னதும் குரல் மாறிவிட்டது. "மலைக்கா போறே? எம் பேத்தி நெறமாசமா இருக்கா. மாதாகிட்ட அவளுக்கும் சேத்து ஒரு வார்த்தை சொல்லிட்டு வா." சென்னைக்கு வந்த பிறகு எனக்கென்று ஒருவர் கொடுத்த முதல் வேலை அது.

மலை மாதாவின் திருநாள் டிசம்பர் 18. அன்றைக்குப் பங்கை விட்டு நகர முடியவில்லை, மறுநாள் காலை போனேன். பரங்கிமலை ஸ்டேஷனில் இறங்கி அடிவாரத்துக்கு நடந்து, படிக்கட்டைப் பிடித்தேன். மேலே வரைக்கும் வண்டி போகும் பாதையும் உண்டு. ஆனால் முடிந்தவர்கள் படியேறுவதே நல்லது. வழியில் சிலுவைப்பாதை நிலைகள் இருப்பதால் மூச்சு வாங்க நிற்பதற்கு ஒரு பக்தியான காரணமும் கிடைத்துவிடும். இந்தப் படிகளைக் கட்டிக் கொடுத்தவர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். மலைக்கு வருகிறவர்கள் அடையாற்றைக் கடக்கச் சிரமப்படுகிறார்கள் என்று 1726-ல் சைதாப்பேட்டையில் பாலமும் கட்டிக் கொடுத்தார். எங்கிருந்தோ பிழைக்க வந்த மனிதர், ஊராரின் கால்வலியைப் பற்றி யோசித்திருக்கிறார்.

மேலே இருப்பது சின்னக் கோயில்தான். போர்த்துகீசியர் 1523-ல் முதலில் கட்டியது. கிறிஸ்துவின் சீடரான தோமையார் கி.பி. 72-ல் இந்த மலையில்தான் ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார் என்பது மரபு. 1547-ல் அஸ்திவாரம் தோண்டும்போது ஒரு கற்சிலுவை கிடைத்தது. அதைச் சுற்றிப் பழைய பாரசீகத்தின் பஹ்லவி எழுத்துகள். பீடத்துக்குப் பின்சுவரில் அதைப் பதித்திருக்கிறார்கள். 1558 டிசம்பர் 18 அன்று திருப்பலி நடக்கும்போது அந்தக் கல்லில் இரத்தம் போல வியர்த்தது என்றும், கடைசியாக 1704-ல் அப்படி நடந்தது என்றும் சொல்கிறார்கள். எல்லோரும் அந்தச் சிலுவையைத்தான் தேடி வருகிறார்கள். எனக்கு அதற்கு மேலே இருக்கும் மாதாவின் படத்திலிருந்து கண் அகலவில்லை.

இந்தக் கோயிலின் மாதா, பிள்ளைப்பேற்றுக்காகக் காத்திருக்கும் மாதா. இந்தத் திருநாள் ஸ்பெயின் பக்கத்தில் பிறந்தது. மரியாள் கருவுறுவாள் என்று வானதூதர் சொன்னதை நினைக்கும் மங்கள வார்த்தைத் திருநாளான மார்ச் 25 தவக்காலத்தில் வந்து விழுகிறது, அப்போது கொண்டாட வசதியில்லை என்று 656-ல் தொலேதோ நகரத்தில் கூடிய ஆயர்கள், கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம் முன்னதாக டிசம்பர் 18-ல் அதைக் கொண்டாட வைத்தார்கள். நாளடைவில் அது நிறைமாத மாதாவின் திருநாளாகிவிட்டது. போர்த்துகீசியர் அந்தப் பக்தியைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து இந்த மலையில் இறக்கினார்கள்.

முந்தின நாள் கூட்டத்தின் மிச்சமாக வாடிய சாமந்தி கிடந்தது. முன்வரிசையில் ஒரு பெண், முழங்கை வரைக்கும் வளைகாப்பு வளையல், இடுப்பில் ஒரு கை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சிரமம் போல. ஒவ்வொரு முறை கை மாற்றும்போதும் வளையல் அத்தனையும் சரிந்து விழும் சத்தம். பக்கத்தில் அவள் கணவன் தன் செருப்பையும் அவள் செருப்பையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் எல்லாப் பக்கமும் கும்பிட்டுக்கொண்டிருந்தான். மாதாவை நான் அதற்கு முன் இப்படி யோசித்ததே இல்லை. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் அவளுக்கு என்ன வேலை இருந்திருக்கும்? ஊரும் சொந்த ஊரில்லை. செய்ய வேண்டியது எல்லாம் அவளுக்குள் தன்பாட்டில் நடந்துகொண்டிருக்கிறது. அவள் செய்ய மிச்சமிருப்பது நாள் பார்த்துக் காத்திருப்பது மட்டும்தான். சும்மா உட்காரச் சொல்லி எனக்குப் போட்ட நாற்காலியின் மேல் இருந்த கோபம் அங்கே கொஞ்சம் இறங்கியது. ஆயாவின் பேத்திக்காகவும் சொல்லிவிட்டு வெளியே வந்தால், விமான நிலையத்து ஓடுதளம் மொத்தமும் கீழே தெரிகிறது. விமானம் ஒன்று இறங்கும்போது பேச்சை நிறுத்திவிட்டு எல்லோரும் பார்த்தார்கள், நான் உட்பட.

அப்புறம் மெட்ரோவில் ஆலந்தூரில் மாறி, சின்னமலை. தோமையார் ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் குகை இங்கே. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். 1551-ல் போர்த்துகீசியர் கட்டிய கோயிலும், தோமையார் பாறையைத் தட்டி வரவழைத்ததாக நம்பும் ஊற்றும் உண்டு. நான் போன நேரம் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்திருந்ததால் அதிக நேரம் நிற்கவில்லை.

தோமையாரின் கல்லறை இருக்கும் மயிலாப்பூர் சாந்தோமுக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. இப்போதிருக்கும் வெள்ளைக் கோபுரக் கோயில் 1896-ல் அர்ச்சிக்கப்பட்டது. கல்லறைக்குப் போகத் தனி வாசல், படியிறங்கிப் போக வேண்டும். உள்ளே தோமையாரின் எலும்புகளில் பெரும்பகுதி இல்லை. அவை பழங்காலத்திலேயே இன்றைய துருக்கியில் இருக்கும் எடெசாவுக்கும், 1258-ல் இத்தாலியின் ஒர்த்தோனாவுக்கும் போய்விட்டன என்பார்கள். இருப்பது சின்னத் துண்டு. ஆனாலும் 1986-ல் இரண்டாம் யோவான் பவுல் போப்பாண்டவர் இங்கே வந்து முழந்தாளிட்டார். அவருக்கு வெகுகாலம் முன்பே எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வந்துவிட்டார். ஐரோப்பாவிலிருந்து மறைபரப்ப வந்த பிரான்சிஸ் சவேரியாரைத்தான் சொல்கிறேன். மணப்பாட்டில் அவர் தங்கிய குகை இருக்கிறது, ஆகவே அவர் எங்கள் ஊர்க்காரர், இதில் விவாதமே இல்லை. 1545-ல் அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் மயிலாப்பூரில் சில மாதங்கள் தங்கி இந்தக் கல்லறையில் ஜெபித்தார். அதற்குப் பிறகுதான் மலாக்காவுக்குக் கப்பல் ஏறினார். சவேரியார் என்றால் ஓயாமல் ஓடிய மனிதர் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவரும் சென்னையில் கொஞ்ச நாள் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

கோயிலுக்குப் பின்னால் கடல். கடல் எல்லை தாண்டாமல் காக்கத் தோமையார் நட்டது என்று சொல்லும் கம்பம் அங்கே நிற்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமி அன்று கரையோரக் குப்பத்து மக்கள் இந்தக் கோயிலுக்குள்தான் ஓடி வந்தார்கள். கம்பம் காத்ததா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது, கதவு திறந்திருந்தது என்பது பெரிய விஷயம். நொச்சிக்குப்பம் பக்கம் போனால் வரிசையாக ஃபைபர் படகுகள், வலை உலர்கிறது, கருவாட்டு வாசனை. சென்னைக்கு வந்த பிறகு அன்றுதான் நன்றாகப் பசித்தது.

அதன் பிறகு பங்கில் எனக்கும் வேலை வந்துவிட்டது. கேரல் ரவுண்ட்ஸில் கிறிஸ்மஸ் தாத்தாவாக வேடம் போட இருந்த பையனுக்குக் காய்ச்சல். சும்மா இருந்தவன் நான்தானே! பஞ்சுத் தாடிக்குள் வியர்த்து ஊற்ற, டிரம்ஸ் சத்தத்துக்கு நடுவே சந்து சந்தாக ஆடினேன். ஆயா வீட்டு வாசலில் நிறுத்தி, பேத்தியைக் கூட்டிவந்து காட்டினார். அவள் தலையில் கைவைத்து ஜெபித்தேன், தாத்தா வேடத்திலேயே. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

குழந்தை கிறிஸ்மஸ் அன்றைக்கே பிறந்துவிடும் என்று ஆயா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். பிறக்கவில்லை. 27-ஆம் தேதி ராத்திரி பிறந்தது, பெண் குழந்தை, இருவரும் நலம். மறுநாள் இட்லி வாங்கப் போனபோது ஆயா காசு வாங்கிக்கொள்ளவில்லை. ஒரே ஒரு குறைதான் அவருக்கு.

"ரெண்டு நாள் லேட்டு பிரதர். அடுத்த வாட்டி கொஞ்சம் அழுத்திச் சொல்லு."