ஸ்டார் கிளப் ஒலிநாடா: 1962 டிசம்பரின் பீட்டில்ஸ்

பீட்டில்ஸ் இசைக்குழு உலகப் புகழ் பெறுவதற்கு முன்பு மேடையில் எப்படி வாசித்தது என்பதற்குச் சான்றாக எஞ்சியிருக்கும் பதிவுகள் மிகச் சில. அவற்றுள் ஒலித்தரத்தில் கடைசி வரிசையில் நிற்பது, 1962 டிசம்பர் இறுதியில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஸ்டார் கிளப் என்ற இரவு விடுதியில் எடுக்கப்பட்ட ஒலிநாடா. கிட்டாரும் டிரம்ஸும் முன்னால் வந்து மோத, பாடுபவர்களின் குரல் சுவருக்கு அப்பாலிருந்து வருவதுபோல் மங்கிக் கேட்கிறது. சில பாடல்களின் வரிகளை ஏற்கெனவே அறிந்தவர்களால் மட்டுமே பின்தொடர முடியும். ஆயினும் அந்த நால்வரும் எத்தகைய மேடைக் கலைஞர்களாக இருந்தார்கள் என்பதை இந்த ஒலிநாடா அளவுக்கு வேறு எந்தப் பதிவும் சொல்வதில்லை என்பது, பிற பதிவுகளையும் கேட்டுப் பார்த்த பின் நான் வந்தடைந்த முடிவு.

இதைப் பதிவு செய்தவர் விடுதியின் மேடை நிர்வாகியாக இருந்த ஏட்ரியன் பார்பர். வீட்டு உபயோகத்துக்கான ஒரு கிரண்டிக் டேப் ரெக்கார்டரும், மேடைக்கு முன்னால் வைக்கப்பட்ட ஒற்றை மைக்கும் மட்டுமே அவரிடம் இருந்த கருவிகள். ஒலிப்பதிவுக் கூடங்களில் நாடா நொடிக்கு 15 அங்குல வேகத்தில் ஓடிய காலத்தில், இது மூன்றே முக்கால் அங்குல வேகத்தில் ஓடியது. வேகம் குறையக் குறைய நாடா மிச்சமாகும், ஆனால் மேல் சுருதியின் நுணுக்கங்கள் அதில் பதியாமல் போகும். குரல்கள் மங்கியதற்கு இதைக் காட்டிலும் பெரிய காரணம் அந்த ஒற்றை மைக். மேடையில் எது உரக்க ஒலித்ததோ அதுவே நாடாவில் முதலிடம் பிடித்தது. அங்கே உரக்க ஒலித்தவை ஆம்ப்ளிஃபயர்களும் ரிங்கோ ஸ்டாரின் டிரம்ஸும். இதில் ஓர் ஆதாயமும் இருக்கிறது. பிற்காலத்து இசைத்தட்டுகளில் அடக்கி வைக்கப்பட்ட ரிங்கோவின் கை எவ்வளவு பலமானது என்பதை இங்கே தடையின்றிக் கேட்கலாம்.

அந்தக் குழு 1960 ஆகஸ்டில் முதன்முறையாக ஹாம்பர்க் சென்றது. இந்திரா என்ற சிறிய விடுதியில் தொடங்கி, கைசர்கெல்லர், டாப் டென் என நகர்ந்து, 1962 ஏப்ரலில் திறக்கப்பட்ட ஸ்டார் கிளப்பின் மேடையை அடைந்தது. தொடக்கத்தில் வார நாட்களில் நான்கரை மணி நேரமும் வார இறுதிகளில் ஆறு மணி நேரமும் வாசிக்க வேண்டியிருந்தது என்பதை நினைவில் கொண்டால், இந்த நாடாவில் கேட்கும் அலட்சியமான தேர்ச்சி எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். 1962 டிசம்பர் 18 முதல் 31 வரையிலான நாட்கள் அவர்களுடைய ஐந்தாவது, கடைசி ஹாம்பர்க் ஒப்பந்தம். "லவ் மீ டூ" இசைத்தட்டு அக்டோபரில் வெளியாகி இங்கிலாந்துப் பட்டியலில் 17-ஆம் இடம் வரை ஏறியிருந்த வேளையில், முன்பே ஒப்புக்கொண்ட ஒரு வேலையை முடித்துக் கொடுப்பதற்காக அரை மனத்துடன் அவர்கள் வந்திருந்தார்கள். அந்த மனநிலை பாடல்களுக்கு இடையிலான பேச்சில் தெரிகிறது. ஜான் லெனன் கூட்டத்தைச் சீண்டுகிறார், கேலி செய்கிறார், யாரையும் மகிழ்விக்க வேண்டிய கட்டாயம் தமக்கு இல்லை என்பதுபோல் பேசுகிறார். ஆனால் பாட்டு தொடங்கியதும் அந்த அசட்டை மறைந்துவிடுகிறது.

இந்த ஒலிநாடாவின் மதிப்பை உணர, அதே ஆண்டின் முதல் நாளில் எடுக்கப்பட்ட இன்னொரு பதிவை அருகில் வைத்துக் கேட்க வேண்டும். 1962 ஜனவரி 1 அன்று லண்டனில் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தின் கூடத்தில் அவர்கள் தேர்வுக்காக 15 பாடல்களைப் பாடினார்கள்; டெக்கா அவர்களை நிராகரித்தது. அந்தப் பதிவு தெளிவானது, ஒவ்வொரு சொல்லும் கேட்கிறது. ஆனால் பாடுகிறவர்கள் விறைத்துப் போயிருக்கிறார்கள். பால் மெக்கார்ட்னியின் குரலில் பதற்றம் இருக்கிறது, அப்போது டிரம்ஸ் வாசித்த பீட் பெஸ்டின் தாளம் ஒரே தடத்தில் செல்கிறது. "பெஸாமே முச்சோ", "டில் தேர் வாஸ் யூ", "டு நோ ஹர் இஸ் டு லவ் ஹர்" ஆகிய மூன்று பாடல்கள் டெக்கா பதிவிலும் இருக்கின்றன, ஸ்டார் கிளப் பதிவிலும் இருக்கின்றன. அதே பாடல்கள், அதே மூன்று கிட்டார்காரர்கள், இடையில் கழிந்தது ஏறத்தாழ ஓராண்டு. ஹாம்பர்க்கில் அவர்கள் பாடல்களைத் தயக்கமின்றிக் கையாளுகிறார்கள், வேகத்தைத் தங்கள் விருப்பப்படி வைத்துக்கொள்கிறார்கள். டெக்காவின் நிராகரிப்பை வரலாற்றுப் பிழை என்று எள்ளி நகையாடுவது வழக்கமாகிவிட்டது. தேர்வுப் பதிவை மட்டும் கேட்டால் நிராகரித்தவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் பரிவே ஏற்படுகிறது.

பாடல் தேர்வும் தனியே கவனிக்கத் தக்கது. முப்பதுக்கும் மேற்பட்ட பாடல்களில் லெனனும் மெக்கார்ட்னியும் எழுதியவை "ஐ சா ஹர் ஸ்டாண்டிங் தேர்", "ஆஸ்க் மீ ஒய்" என இரண்டே இரண்டு. மற்றவை சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட், கார்ல் பெர்க்கின்ஸ் போன்ற அமெரிக்கர்களின் ராக் அண்ட் ரோல் பாடல்களும், எதிர்பாராத சில பழைய மெல்லிசைப் பாடல்களும். மார்லீன் டீட்ரிச் புகழ்பெறச் செய்த "ஃபாலிங் இன் லவ் அகெய்ன்" பாடலை ஒரு ஜெர்மன் விடுதியில் மெக்கார்ட்னி பாடுவதும், ஃபேட்ஸ் வாலரின் வேடிக்கைப் பாடலொன்று அதே மேடையில் ஒலிப்பதும், நீண்ட இரவுகளை நிரப்ப ஒரு குழு எவ்வளவு சரக்கைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டியிருந்தது என்பதைக் காட்டுகின்றன. இரண்டு பாடல்களில் விடுதியைச் சேர்ந்த ஹோர்ஸ்ட் ஃபாஷரும் அவர் தம்பி ஃப்ரெட்டும் மேடையேறிப் பாடுகிறார்கள். இசையாக அவை பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் பணியாளர் பாட, எதிர்காலத்தின் மிகப் பெரிய இசைக்குழு பக்கவாத்தியம் வாசிக்கும் காட்சியை வேறு எங்கும் கேட்க முடியாது.

ஆறு வாரங்கள் கழித்து, 1963 பிப்ரவரி 11 அன்று, லண்டனில் ஈஎம்ஐ இசைத்தட்டு நிறுவனத்தின் கூடத்தில் ஒரே நாளில் 10 பாடல்களைப் பாடி முதல் இசைத்தொகுப்பின் பெரும்பகுதியை அவர்கள் முடித்தார்கள். "ட்விஸ்ட் அண்ட் ஷவுட்", "எ டேஸ்ட் ஆஃப் ஹனி", "ஐ சா ஹர் ஸ்டாண்டிங் தேர்" ஆகிய மூன்றும் ஸ்டார் கிளப் நாடாவிலும் உள்ளவை. அந்த ஒரு நாள் சாதனையை அதிசயமாகப் பேசுவோர் இந்த நாடாவைக் கேட்டால், அது பெரும்பாலும் விடுதி இரவுகளின் வழக்கமான உழைப்பு என்பதை ஒப்புக்கொள்வார்கள்.

இந்த நாடாவின் பிற்கால வரலாறு நீதிமன்றங்களில் கழிந்தது. அதைத் தம்வசம் வைத்திருந்தவர், அதே விடுதியில் வாசித்த லிவர்பூல் பாடகர் டெட் "கிங்சைஸ்" டெய்லர். பீர் வாங்கித் தந்தால் போதும் என்று லெனன் வாய்மொழியாக அனுமதி தந்தார் என்பது டெய்லரின் வாதம். 1977-இல் பெருஞ்செலவில் சீர்செய்யப்பட்டு இது இரட்டை இசைத்தட்டாக வெளிவந்தபோது, தடுக்க முயன்ற பீட்டில்ஸ் தரப்பு தோற்றது. ஈஎம்ஐ நிறுவனத்துடன் 1962 ஜூனில் ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே, அதாவது வசந்த காலத்திலேயே, பதிவு எடுக்கப்பட்டது என்று வெளியீட்டாளர்கள் கூறினார்கள். ஆனால் நாடாவில் டிரம்ஸ் வாசிக்கும் ரிங்கோ குழுவில் சேர்ந்தது ஆகஸ்டில்தான். 1998-இல் லண்டன் உயர்நீதிமன்றத்தில் குழுவின் கிட்டார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசன் நேரில் சாட்சி சொன்னார். குடித்திருந்த சிலரைக் குடித்திருந்த ஒருவர் பதிவு செய்ததை வணிக ஒப்பந்தம் என்று கொள்ள முடியாது என்ற பொருளில் அவர் பேசியது இன்றும் சிரிப்பை வரவழைக்கிறது. வழக்கில் பீட்டில்ஸ் தரப்பு வென்றது, விற்பனை நின்றது. சட்டப்படி ஹாரிசன் சொன்னதே சரி என்று நினைக்கிறேன். தம் அனுமதியின்றிப் பிறர் சம்பாதிப்பதை ஒரு கலைஞர் ஏன் சகித்துக்கொள்ள வேண்டும்? ஆனால் இசை மதிப்பற்றது என்ற தொனி அவர் பேச்சில் இருந்தது. அதை மட்டும் ஏற்க முடியவில்லை.

அதே 1977-இல் குழுவின் அதிகாரபூர்வ மேடைப் பதிவும் வெளியானது. 1964, 1965 ஆண்டுகளில் அமெரிக்காவின் ஹாலிவுட் பௌல் அரங்கில் எடுக்கப்பட்ட அதில், தொழில்முறைக் கருவிகள் எல்லாம் இருந்தும், பதினேழாயிரம் பேரின் கூச்சல் இசையை விழுங்குகிறது. வாசிப்பவர்களுக்கே தங்கள் வாசிப்பு சரிவரக் கேட்கவில்லை. ஹாம்பர்க்கில் கூட்டம் சிறியது, பேசிக்கொண்டும் குடித்துக்கொண்டும் இருப்பது. அதன் கவனத்தை ஈர்க்க வாசித்தே ஆக வேண்டும். 2023-இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டோவ் பள்ளிப் பதிவு இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பது. 1963 ஏப்ரல் 4 அன்று 15 வயது மாணவர் ஒருவர் எடுத்த அந்த ஒரு மணி நேரப் பதிவில், மாணவர்கள் மட்டுமே படித்த பள்ளி என்பதால், பெண்களின் அலறல் இசையை மூடுவதில்லை.

ஒற்றைத் தடத்தில் கலந்துபோன குரலையும் கருவிகளையும் கணினி கொண்டு பிரித்தெடுக்கும் முறை, பீட்டில்ஸ் பற்றி இயக்குநர் பீட்டர் ஜாக்சன் எடுத்த 2021 ஆவணத் தொடருக்காக உருவாக்கப்பட்டு, பின்னர் குழுவின் "ரிவால்வர்" தொகுப்பின் புதுக் கலவைக்கும் உதவியது. அதே முறையை ஸ்டார் கிளப் நாடாவிலும் கையாள வேண்டும் என்ற விருப்பம் ரசிகர்களிடையே இருக்கிறது. நானும் விரும்புகிறேன், ஒரு நிபந்தனையுடன். 1977 வெளியீட்டில் பழுதான இடங்களை மறைக்க வெட்டி ஒட்டியிருந்தார்கள். பாடல்களுக்கு இடையிலான பேச்சும் முழுமையாக இடம்பெறவில்லை. குரலைத் துலக்குவதற்கு முன், வெட்டப்படாத நாடாவை, லெனனின் வம்புப் பேச்சும் தவறிய சுருதிகளும் பாடல்களின் அசல் வரிசையும் இருந்தது இருந்தபடியே முதலில் வெளியிட வேண்டும். துலக்கிய வடிவத்தை விரும்புகிறவர்களுக்கு அதைத் தனியாகத் தரலாம்.