ஜெர்மன் குடியுரிமைத் தேர்வு: வரைபடத்திலிருந்து தொடங்குங்கள்

ஜெர்மனியில் குடியுரிமைக்காக எழுதும் தேர்வின் கேள்விகள் எல்லாம் முன்கூட்டியே வெளியாகியிருக்கின்றன. நாடு முழுவதற்கும் பொதுவாக 300, நாம் வசிக்கும் மாநிலத்துக்கு 10. தேர்வு நாளில் பொதுப் பகுதியிலிருந்து 30, மாநிலப் பகுதியிலிருந்து 3, ஆக 33 கேள்விகள் வரும். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள்; ஒன்றுதான் சரி. நேரம் 60 நிமிடம். 17 சரியாக இருந்தால் தேர்ச்சி.

இதைக் கேட்டதும் நானும் கைபேசியில் ஒரு செயலியை இறக்கி, வேலைக்குப் போகும் ரயிலில் விடைகளை மனப்பாடம் செய்தேன். மூன்று வாரத்தில் 1949, 1953, 1961, 1989, 1990 எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அப்புறம்தான் செயலியை மூடிவிட்டு ஒரு வரைபடத்தை எடுத்தேன்.

வடக்கே வட கடலும் பால்டிக் கடலும். தெற்கே ஆல்ப்ஸ், அங்கே 2,962 மீட்டர் உயரத்தில் நாட்டின் உச்சியான சுக்ஷ்பிட்ஸ. சுற்றிலும் ஒன்பது நாடுகள். டென்மார்க்கில் தொடங்கி வலமாக வந்தால் போலந்து, செக், ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், லக்சம்பர்க், பெல்ஜியம், நெதர்லாந்து. பார்க்காமல் இதைத் தாளில் நாலைந்து முறை வரைந்து பாருங்கள். ‘எது அண்டை நாடு’ என்ற கேள்வி பல வடிவங்களில் வரும். ஹங்கேரியையும் இத்தாலியையும் பார்த்து அதன்பிறகு தடுமாற மாட்டீர்கள். உள்ளே 16 மாநிலங்கள். பெர்லின், ஹாம்பர்க், பிரேமன் மூன்றும் நகரமாகவும் மாநிலமாகவும் இருப்பவை.

வரலாற்றையும் அதே தாளிலேயே படித்தேன். 1945க்குப் பிறகு அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன், பிரான்ஸ் என்று நான்கு வல்லரசுகள் பகிர்ந்துகொண்ட நிலம் 1949இல் கிழக்கு, மேற்கு என்று இரண்டு நாடுகளாகிறது. 1953 ஜூன் 17 அன்று கிழக்கில் தொழிலாளர்கள் எழுகிறார்கள். சோவியத் டாங்கிகள் அடக்குகின்றன. மக்கள் மேற்கே போய்க்கொண்டே இருந்ததால் 1961 ஆகஸ்டில் பெர்லினில் சுவர் எழும்புகிறது. 1989 நவம்பர் 9 இரவு அது திறக்கிறது. மறு ஆண்டு அக்டோபர் 3 அன்று கிழக்கிலிருந்த ஐந்து மாநிலங்களும் பெர்லினின் கிழக்குப் பாதியும் வந்து சேர்கின்றன. ஒன்று ஏன் நடந்தது என்று தெரிந்தால் அடுத்த ஆண்டு தானாக நினைவுக்கு வருகிறது.

சுவர் திறந்த நாளை விட்டுவிட்டு அக்டோபர் 3ஐ ஏன் தேசிய நாளாக வைத்தார்கள் என்று எனக்குப் புரியாமலே இருந்தது. காரணம் தெரிந்தபோது மனம் கனத்துப்போனது. 1938இல் அதே நவம்பர் 9 இரவில்தான் நாடெங்கும் யூதர்களின் வழிபாட்டிடங்களைக் கொளுத்தினார்கள், கடைகளை உடைத்தார்கள். அந்தத் தேதியில் கொண்டாட்டம் மட்டும் வைக்க முடியாது. எங்கள் தெருவின் நடைபாதையில் பெயர் பொறித்த சின்னப் பித்தளைக் கற்கள் இரண்டு உண்டு. தினமும் தாண்டிப் போவேன். நாஜிகளால் கொண்டுசெல்லப்பட்டவர்கள் கடைசியாக விரும்பி வாழ்ந்த வீட்டின் முன் பதிக்கப்படும் கற்கள் அவை என்பதைக் கேள்வித்தொகுப்பில் வந்த ‘ஷ்டோல்பர்ஷ்டைன’ என்ற சொல்லைத் தேடியபோதுதான் அறிந்தேன். அன்று மாலை குனிந்து இரண்டு பெயர்களையும் வாசித்தேன்.

அரசியலமைப்புக் கேள்விகளையும் இதோடு சேர்த்தே பாருங்கள். 1949 மே 23 அன்று வெளியான அடிப்படைச் சட்டம் மனித மாண்பு மீற முடியாதது என்று ஏன் தொடங்குகிறது, நாடாளுமன்றத்தில் நுழையக் கட்சிகளுக்கு 5 சதவீத வரம்பு ஏன் என்பதெல்லாம் முந்தைய வைமர் குடியரசு சிதறி நாஜிகள் ஆட்சிக்கு வந்த கதையிலேயே இருக்கிறது.

பண்பாட்டுக் கேள்விகள் குறைவு, எளிது. ஈஸ்டருக்கு முட்டைக்கு வண்ணம் தீட்டுவது, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வார அட்வென்ட், கார்னிவல் திருவிழாவின் திங்கள்கிழமையான ரோசன்மோன்டாக் அன்று வேடம் போடுவது. முடிந்தால் அந்தத் திங்களன்று கொலோன் நகரத்துக்குப் போய் வாருங்கள். ஊர்வல வண்டியிலிருந்து வீசும் மிட்டாயைப் பொறுக்கியவருக்கு அந்தக் கேள்வியைப் படிக்கவே வேண்டாம்.

நான் இருப்பது நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன். மக்கள்தொகையில் முதலாவது மாநிலம். பத்துக் கேள்விகளில் கொடியின் பச்சை, வெள்ளை, சிவப்பு, தலைநகர் டுசல்டோர்ஃப், உள்ளூர்த் தேர்தலில் 16 வயதில் வாக்கு என்பவை இருக்கும். மாநில அரசில் எந்த அமைச்சர் கிடையாது என்றும் கேட்பார்கள்; வெளியுறவு மத்திய அரசின் வேலை என்று தெரிந்தால் போதும்.

மொழியில் ஒரு எச்சரிக்கை. ‘நிஷ்ட்’, ‘கைன்’ என்ற எதிர்மறைச் சொற்களை அடிக்கோடிட்டு வாசியுங்கள். பயிற்சியில் நான் விட்டவற்றில் பாதி, விடை தெரிந்தும் கேள்வியை அவசரமாக வாசித்ததால் போனவை. தவறுக்கு மதிப்பெண் குறையாது, எதையும் வெற்றாக விடாதீர்கள்.

கட்டணம் 25 யூரோ. இடம் கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம், அதனால் படிப்பு முடியும்வரை காத்திராமல் முதலில் பதிவு செய்யுங்கள். அன்று பாஸ்போர்ட் அல்லது அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். சான்றிதழ் சில வாரங்கள் கழித்துத் தபாலில் வரும். தபால்பெட்டியில் உங்கள் பெயர் தெளிவாக ஒட்டியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.