பீர் ஆலையை வாங்கலாமா?

நண்பன் ஒரு சின்ன பீர் ஆலையைப் பார்த்துவிட்டு வந்து, ஆளுக்குப் பாதி போட்டு வாங்கலாம் என்கிறான். எனக்கும் ஆசைதான். போய்ப் பார்த்தேன். டேங்குகள் பளபளவென்று இருக்கின்றன. என் கவலையெல்லாம் குளிரூட்டும் இயந்திரமும் கழிவுநீர்க் குழாயும்தான். ஒரு லிட்டர் பீருக்கு 5, 6 லிட்டர் தண்ணீர் சாதாரணமாகச் செலவாகும். அதில் பெரும்பங்கு கழுவுவதற்கே போய்விடும்.

நண்பனுக்கு லாகர் வகை பீர் என்றால் உயிர். அது 10 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிரில் மெதுவாக நொதித்து, அப்புறம் பல வாரம் முதிர வேண்டும். அதுவரை டேங்கும் முடங்கும், பணமும் முடங்கும். ஏல் என்ற இன்னொரு வகை பீர் 20 டிகிரியை ஒட்டி நொதித்துச் சீக்கிரம் தயாராகிவிடும். முதல் வருடம் ஏல் மட்டும் போதும் என்பது என் கட்சி.

உரிமம் தானாகக் கைமாறும் என்று நம்பக் கூடாது. பல இடங்களில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். நிறுவனத்தின் பங்குகளை வாங்கினால் பழைய கடனும் வரிபாக்கியும் அதோடு வரும். இயந்திரங்களையும் பெயரையும் மட்டும் வாங்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

சரிபாதிப் பங்கில் கருத்து வேறுபட்டால் யார் முடிவெடுப்பது? ஒருவர் விலகினால் அவர் பங்குக்கு விலை எப்படி? இதைக் கேட்டதும் அவன் முகம் வாடிவிட்டது. அவன் நட்பு எனக்கு வேண்டும் என்பதால்தான் இப்போதே எழுதி வைக்கச் சொல்கிறேன். கடந்த 3 வருடக் கணக்குகளைக் கேட்டிருக்கிறோம். அவை வராமல் முன்பணம் தரமாட்டேன்.