தார்ப்பாய் தைக்கப் பழைய மிஷின்: வாங்குவதும் வேகத்தைக் குறைப்பதும்

பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே கோபாலபுரம், மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறைப் பக்கத் தையல் கடைகளுக்குச் சட்டை, சுடிதார் மட்டும் வருவதில்லை. கொப்பரைக் களத்துத் தார்ப்பாய், ஜீப் ஹூட், டிராக்டர் சீட், லாரிக் கித்தான் எல்லாம் வரும். இதற்காகப் பழைய மிஷின் தேடுகிறவர்கள் நேராகத் திருப்பூருக்குத்தான் போவார்கள். அங்கே மலிவாகவும் ஏராளமாகவும் கிடைப்பது பனியன் கம்பெனிகள் கழித்துவிட்ட பவர் டேபிள் (மோட்டாரில் வேகமாக ஓடும் கம்பெனித் தையல் மிஷின்). தார்ப்பாய்க்கு அது ஆகாது.

ஜூகி டிடிஎல்-8700 மாதிரியான பவர் டேபிள் நிமிடத்துக்கு 5500 தையல் வரை ஓடும்படி செய்தது. அடியில் எண்ணெய்த் தொட்டி, அதற்குள் பம்ப். மிஷின் வேகமாகச் சுற்றினால்தான் எண்ணெய் மேலே ஏறும். ரெடியூசர் (மோட்டாருக்கும் மிஷினுக்கும் நடுவே வேகத்தைக் குறைக்கும் புல்லி அமைப்பு) போட்டு 300-இல் ஓட்டினால், தலைமேல் இருக்கும் கண்ணாடியில் எண்ணெய் தெறிப்பதே தெரியாது. மேல் புஷ் (ஷாஃப்ட், கம்பிகளைத் தாங்கும் உலோகக் குழல்) காய்ந்து இறுகிவிடும். மெதுவாக ஓட்டியே தீர வேண்டுமென்றால் தினமும் கையால் எண்ணெய் விட வேண்டும். அப்படி விட்டாலும் துணியை இழுக்கும் பல்லின் உயரமும், ஊசி நூலைப் பிடிக்கும் ஹூக்கின் இடைவெளியும் சட்டைத் துணிக்கானவை. தடிநூல் அங்கே சிக்கும்.

பார்க்க வேண்டியது வாக்கிங் ஃபுட் மிஷின். ஜூகி டியு-1181என் என்றால் மேல் பாதமும் கீழ்ப் பல்லும் சேர்ந்து இழுக்கும். உச்ச வேகம் 2000. டிஎன்யு-1541-இல் ஊசியும் கூடவே நகரும். உச்ச வேகம் 2500. இரண்டுக்கும் 135×17 ஊசி, தார்ப்பாய்க்கு 18 முதல் 23 நம்பர் வரை. சீட் தைப்பவர்கள் டிஎன்யு-வுக்கே காசு சேர்ப்பது நல்லது. மடிப்பு ஏறும்போது அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று நகராது.

கடையில் மோட்டாரைப் போட்டு ஓட்டிக் காட்டுவார்கள். அதை நம்ப வேண்டாம். பெல்ட்டைக் கழற்றச் சொல்லி, கை வீலை ஒரு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். ஒரே இடத்தில் மட்டும் இறுகினால் உள்ளே நூல் சுற்றியிருக்கும், இல்லையென்றால் ஷாஃப்ட் வளைந்திருக்கும். ஊசிக் கம்பியை இரு விரலால் பிடித்து ஆட்டுங்கள். முன்னும் பின்னும் ஆட்டம் தெரிந்தால் புஷ் போய்விட்டது. ஹூக்கின் நுனியை நகத்தால் தடவினால் சொரசொரப்பு தெரியும். லேசானது என்றால் எண்ணெய்க் கல்லில் தேய்த்துவிடலாம், நுனியே உடைந்திருந்தால் ஹூக் மாற்ற வேண்டும். ஊசி அடிமட்டம் தொட்டுச் சுமார் 2 மி.மீ. மேலேறும்போது ஹூக் நுனி ஊசிக்கு நேராக வர வேண்டும். தொட்டி எண்ணெய் பால்போல் இருந்தால் தண்ணீர் புகுந்தது, மினுமினுத்தால் இரும்புத்தூள். புதுப் பெயின்ட் கணக்கில் சேராது. வரிசை எண்ணைப் பில்லில் எழுதி வாங்குங்கள். மாநில எல்லை தாண்டும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் போனால் இ-வே பில் (சரக்கோடு போகும் ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு) வேண்டும்.

கம்பெனி மிஷினோடு வரும் கிளட்ச் மோட்டார் (எப்போதும் சுற்றிக்கொண்டிருந்து, பெடலை மிதித்ததும் மிஷினை இழுப்பது) பெரும்பாலும் த்ரீ ஃபேஸ். வீட்டில் சிங்கிள் ஃபேஸ்தான் என்றால் மோட்டாரை அங்கேயே விட்டுவிட்டு விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

இனி கணக்கு. 1440 சுற்று மோட்டாரில் 50 மி.மீ. புல்லி, கை வீலில் 75 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 1440×50÷75, அதாவது 960 தையல். கிளட்ச்சில் கால் பட்டதும் பாயும். ரெடியூசராக நடுவில் ஒரு ஷாஃப்ட் வைத்து, மோட்டார் பக்கம் 150, மிஷின் பக்கம் 50 மி.மீ. புல்லி போட்டால் 320-க்கு இறங்கும். 5 மி.மீ. தையலுக்கு நிமிடத்தில் 1.6 மீட்டர். பெல்ட்டில் போகும் சொற்பம் நீங்கலாக இழுவை மூன்று மடங்காகும். எட்டு மடிப்பு ரெக்ஸினில் ஊசி நிற்காமல் இறங்க அந்த இழுவைதான் வேண்டும். 2880 மோட்டார் என்றால் வேகம் இரட்டிப்பு, 640.

சாமான்: 20 மி.மீ. பிரைட் ராடு 220 மி.மீ. நீளம், யூசிபி 204 பிளம்மர் பிளாக் (ஷாஃப்டைத் தாங்கும் பேரிங் கூடு) இரண்டு, 6 மி.மீ. தகடு, 50×50 சதுரக் குழாய், இரண்டு புல்லி, எம் பெல்ட் (ஏ பெல்ட்டைவிட ஒடுங்கிய வி-பெல்ட்) இரண்டு. எல்லாம் கோவையில் கிடைக்கும். துளையும் கீவேயும் (சாவிக்கான காடி) லேத்தில் போட்டுத் தருவார்கள். புல்லி வாங்கும்போது ஏ பெல்ட் புல்லியை எடுத்துவிடாதீர்கள். அந்தக் காடியில் எம் பெல்ட் அடியில் உட்கார்ந்து வழுக்கும். பிளைவுட்டில் புல்லி கடைகிறவர்களும் உண்டு. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை பிடித்தால் அது ஊதிக் கோணும்.

பலர் மாட்டிக்கொள்வது பிளாக்கின் உயரத்தில். யூசிபி 204-இன் நடு உயரம் 33.3 மி.மீ.தான், 150 புல்லியின் ஆரமோ 75. பலகைக்கு அடியில் நேராகத் திருகினால் புல்லி பலகையில் இடிக்கும். அதனால்தான் சதுரக் குழாய்: தகட்டில் இரண்டு துண்டு வெல்ட் வைத்து, அதன்மேல் பிளாக்கைப் பூட்டினால் புல்லிக்கும் பலகைக்கும் நடுவே 14 மி.மீ. இடைவெளி மிஞ்சும்.

இரண்டாவது, பெல்ட் இறுக்கம். கை வீல் பெல்ட் ஏறக்குறைய செங்குத்தாகப் போகும். தகட்டில் நீளத்துளை போட்டுப் பக்கவாட்டில் நகர்த்தினால் அது இறுகாது. தகட்டின் ஒரு ஓரத்தைக் கனமான கீலில் தொங்கவிட்டு, எதிர் ஓரத்தில் 12 மி.மீ. போல்ட்டும் இரண்டு நட்டும் போடுங்கள். நட்டைத் திருகத் தகடு கீழிறங்கி மேல் பெல்ட் இறுகும். அதன் பிறகுதான் மோட்டாரைச் சாய்த்துக் கீழ் பெல்ட். வரிசை மாறினால் திரும்பச் செய்ய நேரும். மரத் திருகு தாங்காது, பலகையைத் துளைத்து போல்ட்.

மோட்டாருக்கும் ரெடியூசருக்கும் நடுவே 200 மி.மீ.யாவது இருக்கட்டும். நெருங்கினால் சின்ன புல்லியைப் பெல்ட் சரியாகத் தழுவாது. புல்லிகள் ஒரே நேரா என்று நூல் பிடித்துப் பாருங்கள். கிளட்ச் வெட்டி வெட்டி இழுப்பதால் புல்லியை ஷாஃப்ட்டில் இறுக்கும் கிரப் ஸ்குரூ கழலும். புல்லிக்கு இரண்டு ஸ்குரூ, செங்கோணத்தில், ஷாஃப்ட்டில் குழி போட்டு, லாக்டைட் (ஸ்குரூ கழலாமல் பிடிக்கும் பசை) தடவிப் போடுங்கள். கை வீல் உங்களை நோக்கிச் சுற்ற வேண்டும். எதிர்ப்பக்கம் சுற்றினால் த்ரீ ஃபேஸில் ஏதேனும் இரண்டு வயரை மாற்றுங்கள்.

சர்வோ மோட்டார் (வேகத்தை மின்னணு முறையில் கூட்டிக் குறைக்கக்கூடியது) இருந்தால் ரெடியூசர் எதற்கு என்பார்கள். 550 வாட் சர்வோ மெதுவாக ஓடும். ஆனால் மலிவானது அடிவேகத்தில் தடிப்பைக் கண்டதும் நின்றுவிடும். ரெடியூசரோடு சேர்த்தால் மோட்டார் தன் நடுவேகத்தில் பலத்தோடு ஓடும். ஊசியை மேலே நிறுத்தும் சென்சாரைக் கை வீலில் மாட்டுங்கள். மோட்டாருக்குள் இருப்பது ரெடியூசருக்குப் பின் ஊசி எங்கே நிற்கிறது என்று அறியாது.

புது பெல்ட் முதல் சில மணி நேரத்தில் நீளும், மறுபடி இறுக்குங்கள். 150 புல்லி முழங்காலுக்குப் பக்கத்தில் சுற்றுகிறது. வேட்டி, துப்பட்டா சிக்காமலிருக்கக் கம்பி வலை அடித்த பிறகே வேலைக்கு உட்காருங்கள்.