ஆட்டோவுக்கு அழுத பணமும் கிராமத்து ஆலயத்தின் வண்ணக் கண்ணாடிகளும்

கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில், பர்கூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலுள்ள பழைய கத்தோலிக்க ஆலயத்திற்கு ஆட்டோ ஓட்டுநர் கூசாமல் கேட்ட தொகை 600 ரூபாய். பேரம் 450இல் நின்றது. அது என் ஒருநாள் சாப்பாட்டுச் செலவைவிட அதிகம். மாம்பழப் பருவத்தில் வரும் வெளியூர்க்காரர்கள் அனைவரும் பணக்காரர்கள் என்று இவர்களுக்கு யார் சொன்னது?

ஆயினும் பீடத்திற்குப் பின்னாலுள்ள கிழக்கு வண்ணக் கண்ணாடிச் சன்னலைக் கண்டதும் அந்த எரிச்சல் அடங்கிவிட்டது. இவ்வூர் அடங்கிய தருமபுரி மறைமாவட்டம் (ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள திருச்சபைப் பகுதி) 1997இல்தான் உருவானது. அதற்கு முன் இப்பகுதி சேலம் மறைமாவட்டத்தில் இருந்தது. இங்கெல்லாம் பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக் குருக்கள் நெடுங்காலம் பணியாற்றியிருக்கிறார்கள் என்பதால், இத்தகைய சன்னல் இந்த ஊரில் இருப்பது வியப்பன்று. சன்னலில் தெரியும் மாதாவின் மேலாடை நீலம் மேலே பூசிய வண்ணமன்று. கண்ணாடி உருகிய நிலையில் இருக்கும்போதே கோபால்ட் ஆக்சைடைக் கலந்து பெறும் நிறம். முகமும் அதைச் சூழ்ந்த பொன்னிற ஒளிவட்டமும் துண்டுகளை இணைக்கும் ஈயக்கோடு இடையில் இன்றி ஒரே துண்டில் அமைந்திருந்தன. வெள்ளிச் சேர்மத்தைக் கண்ணாடியின் மேல் தடவிச் சூளையில் சுட்டால், தடவிய இடம் மட்டும் மஞ்சளாகும். ஐரோப்பியக் கைவினைஞர்கள் 14ஆம் நூற்றாண்டிலிருந்து கையாளும் உத்தி இது. மற்றத் துண்டுகளை ஈயப் பட்டைகளில் செருகி, மூட்டுகளைப் பற்றவைத்திருக்கிறார்கள். கீழ்ப்பகுதியில் அந்த ஈயம் தளர்ந்து, சன்னல் சற்றே உப்பியிருக்கிறது. இப்போதே கவனிக்காவிட்டால் துண்டுகள் உதிரும்.

தென்புறச் சன்னலைப் பார்த்தபோதுதான் கோபம் வந்தது. உடைந்த இரண்டு கட்டங்களில் சாதாரணக் கண்ணாடியைப் பொருத்தி, அதன்மேல் வண்ண ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள், கல்யாண மண்டபக் கதவுக்கு ஒட்டுவதைப் போல! வெயிலில் அது இப்பொழுதே வெளுத்துவிட்டது. பக்கத்திலிருக்கும் பழைய சிவப்போ கண்ணைப் பறிக்கிறது. புதிய கண்ணாடிக்குச் செலவாகும் என்பது உண்மைதான். கையில் பணமில்லையெனில் வெறுங்கண்ணாடியாகவே விட்டிருக்கலாம்.

செல்ல விரும்புவோர் காலை ஒன்பது மணிக்கு முன் செல்லுங்கள்; வெயில் நேராக விழுவது அப்போதுதான். உள்ளே டியூப் லைட் எரிந்தால் பாதி நிறம் செத்துவிடும் என்பதால், குருவுக்கு உதவியாக இருக்கும் உபதேசியாரிடம் கேட்டு அணைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்டபோது சிரித்துக்கொண்டே அணைத்தார். உணவைப் பற்றியும் விரிவாக எழுத நினைத்திருந்தேன். நெடுஞ்சாலையோரக் கடையில் ராகிக் களியும் கீரை மசியலும் 50 ரூபாய்க்கு வயிறார உண்டேன் என்பது மட்டும் போதும். திரும்புவதற்கு நகரப் பேருந்து இருக்கிறது, ஆட்டோ வேண்டவே வேண்டாம்.