மருந்துக்குக் கிருமி அடங்கவில்லை என்றால் அடுத்து என்ன?

பெரியம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று வந்து தர்மபுரியில் சேர்த்திருந்தோம். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று பார்க்கிற கல்ச்சர் ரிப்போர்ட்டில் வரிசையாக ஆன்டிபயாட்டிக் (பாக்டீரியாவைக் கொல்கிற மருந்து) பெயர்கள், முக்கால்வாசிக்கு எதிரே ‘ரெசிஸ்டன்ட்’, அதாவது கிருமி அதற்கு அடங்காது. மாத்திரை எதுவும் கேட்காது, ஊசியில் மெரோபெனம் என்ற வீரியமான ஆன்டிபயாட்டிக்தான் என்றார் டாக்டர்.

அந்தக் கிருமி ஒரு நொதியைச் சுரந்து செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாட்டிக்குகளை வேலை செய்வதற்கு முன்பே உடைத்துவிடுகிறது, அந்த வித்தைக்கான மரபணுவைப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுத்துவிடுகிறது. அதனால்தான் எல்லோருக்கும் மெரோபெனம், அதையும் உடைக்கிற கிருமிகள் வந்தாயிற்று, அதற்கு மேலே போனால் கோலிஸ்டின், அது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து. இத்தனைக்கும் கோலிஸ்டினைக் கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தோம், 2019இல்தான் இந்தியாவில் தடை வந்தது. பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் காய்ச்சல் என்றால் மெடிக்கலில் ‘ஒரு செட் மாத்திரை’ வாங்கிப் போடுகிற பழக்கம் எனக்கு உண்மையிலேயே பயத்தைத் தருகிறது. சளிக் காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருவது, அந்த செட்டில் ஆன்டிபயாட்டிக் இருந்தால் அதற்கு அங்கே வேலையே கிடையாது, குடலில் இருக்கிற கிருமிகள்தான் அதைப் பார்த்துப் பழகிக்கொள்ளும்.

சரி, நாம் கட்டுப்பாடாக இருந்தாலும் புது மருந்து வேண்டும். சென்னையின் ஆர்க்கிட் நிறுவனம் கண்டுபிடித்த என்மெட்டாசோபாக்டம், மருந்தை உடைக்கிற அந்த நொதியை அடக்கிவிடும், கூடவே கொடுக்கிற செஃபிபைம் என்ற செஃபலோஸ்போரின் பிழைத்துக் கிருமியைக் கொல்லும். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

ஆனால் இந்தத் தொழிலில் காசு இல்லை. சர்க்கரை மாத்திரை ஆயுசுக்கும் விற்கும், ஆன்டிபயாட்டிக் சில நாள்தான், அதிலும் புதுசு என்றால் கடைசி ஆயுதமாகப் பூட்டி வைக்க வேண்டும். அமெரிக்காவின் அக்காஜென் நிறுவனம் 2018இல் பிளாசோமைசின் என்ற புது ஆன்டிபயாட்டிக்குக்கு அனுமதி வாங்கியது, அடுத்த வருடமே திவால். இங்கிலாந்தில் 2022 முதல் இரண்டு ஆன்டிபயாட்டிக்குகளுக்கு, எத்தனை பேருக்குக் கொடுத்தாலும் சரி, வருடத்துக்கு இவ்வளவு என்று அரசே நிறுவனத்துக்குத் தருகிறது. விற்பனையைக் கூட்ட வேண்டிய அவசியமே அங்கே இல்லை. நம் அரசும் இதைச் செய்ய வேண்டும், சென்னையில் பிறந்த மருந்திலிருந்தே தொடங்கலாம்.